இடது தோள்

லோகுவிடமிருந்து வந்த கவரில் ஒரு அனுமதிச் சீட்டும் நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த ஒரு தாளும் இருந்தன. சீட்டு, பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியின் அணிவகுப்புக்கு. தாளில் அவனுடைய கோழிக் கிறுக்கல்: "மச்சான், ஒரு ஆளுக்கு ரெண்டு பாஸ்தான் தராங்க. ஒண்ணு அம்மாக்கு, ஒண்ணு உனக்கு. வலது தோள் அம்மா, இடது தோள் நீ. வந்துடு."

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அங்கே பயிற்சி முடித்தவர்கள் தோளில் நட்சத்திரம் வைத்த சட்டையோடுதான் அணிவகுப்பில் நடப்பார்கள். ஆனால் நட்சத்திரங்களை ஒரு சின்னத் துணி மூடியிருக்கும். அணிவகுப்பு முடிந்ததும் பெற்றவர்கள் வந்து ஆளுக்கொரு தோளில் அந்தத் துணியை எடுப்பார்கள். எடுத்த நொடியிலிருந்து பையன் அதிகாரி. லோகுவின் அப்பா குப்பன் அவன் ஒன்பதாவது படிக்கும்போதே மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அவர் இடத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தான்.

படித்ததும் எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது. பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகிறது? அந்த நட்சத்திரம் என் தோளுக்கு வர வேண்டியது.

எங்கள் வீடு சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே மூன்றாவது தெரு. அப்பா ஸ்ரீரங்கனுக்குப் பல்லாவரத்தில் ஆபீஸ் வேலை. தாம்பரம் பக்கத்துக் கல்லூரியில் 2004ஆம் வருடம் நான் பி.எஸ்சி. சேர்ந்த முதல் வாரமே என்.சி.சி.யில் பெயர் கொடுத்தேன். மூன்று வருடம் என்.சி.சி.யில் இருந்து 'சி' சர்ட்டிபிகேட் வாங்கினால், எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக ராணுவ அதிகாரி நேர்முகத் தேர்வுக்குப் போகலாம். படித்துக்கொண்டே அதிகாரி ஆகிவிடலாம் என்பது என் கணக்கு. அப்பா அந்தக் கணக்கைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்தார். காய்கறிக் கடைக்காரர்கூட என்னை "வாங்க கேப்டன்" என்பார். நானும் மறுக்கவில்லை.

லோகநாதனும் அதே வாரம்தான் சேர்ந்தான். கானத்தூர் பக்கத்துக் குப்பம். விடியற்காலையில் சித்தப்பாவோடு கடலுக்குப் போய்விட்டு வந்து, குளித்து, சோழிங்கநல்லூரில் ஒரு பஸ், மேடவாக்கத்தில் ஒரு பஸ் மாறிக் கல்லூரிக்கு வருவான். அவன் அம்மா முத்தாலம்மாள் கூடையோடு எங்கள் கேம்ப் ரோட்டுக்கே வந்து மீன் விற்பார். என் அம்மா அந்தப் பக்கம் போகும்போது மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வாள். முத்தாலம்மாளின் பையன் என்னோடு படிக்கிறான் என்று தெரிந்த பிறகும் மூடிக்கொள்வாள், ஆனால் சிரித்துக்கொண்டே.

மூன்றாம் வருடம் என்னைத்தான் சீனியர் அண்டர் ஆபீசர் ஆக்கினார்கள். கல்லூரியில் அந்தப் பதவி ஒருவனுக்குத்தான். லோகு வெறும் சார்ஜென்ட். சனிக்கிழமை பரேடுக்கு முன்னால் வரிசையாக எல்லோருடைய உடுப்பையும் சோதிப்பது என் வேலை. பெல்ட்டின் பித்தளை மின்ன வேண்டும், பூட்ஸில் முகம் தெரிய வேண்டும், தொப்பியில் செருகிய சிவப்பு இறகு நேராக நிற்க வேண்டும். லோகு முன்னால் வந்தால் மட்டும் நான் நின்று நிதானமாகப் பார்ப்பேன். ஏதாவது ஒரு குற்றம் கிடைக்காதா என்று தேடுவேன். கிடைக்காது. அந்த வருடம் முழுக்க ஒரே ஒரு நாள்தான் அவனுடைய இறகு ஒரு நூல் கோணலாக இருந்தது. "கோணலா இருக்கு சார்ஜென்ட்" என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அன்றைக்குப் பரேடு முடிந்து கொடுத்த பூரி மசால் அவ்வளவு ருசியாக இருந்தது.

ஏன் இவ்வளவு எரிச்சல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அவனுக்கு எதுவும் வருந்தி வரவில்லை. நான் காலையில் கல்லூரி மைதானத்தை ஆறு சுற்று ஓடிவிட்டு நாக்குத் தள்ளி நிற்பேன், அவன் வலை இழுத்துவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து எட்டு சுற்று ஓடுவான். துப்பாக்கியை ஒரு தடவை காட்டினால் போதும், கழற்றி மாட்டிவிடுவான். பட்டாலியன் கர்னல் கல்லூரிக்கு வந்தபோது என் விறைப்பான சல்யூட்டை வாங்கிக்கொண்டு நேராக மூன்றாவது வரிசைக்குப் போய், "உன் பேர் என்ன?" என்று அவனிடம் கேட்டார். என் பேரைக் கேட்கவில்லை. என் சட்டையிலேயே எழுதியிருந்ததே என்று அம்மா சமாதானம் சொன்னாள். அவன் சட்டையிலும்தான் எழுதியிருந்தது.

எனக்கு இருந்த ஒரே பிடிமானம் இங்கிலீஷ். அவன் இங்கிலீஷ் தட்டுத் தடுமாறி வரும், என்னுடையது ஓடி வரும். போதாததற்கு அப்பா குரோம்பேட்டையில் ஒரு கோச்சிங் வகுப்பில் சேர்த்துவிட்டார். நேர்முகத் தேர்வில் என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று அங்கே பாடமாகவே நடத்தினார்கள். குடும்பக் கஷ்டம் சொல்லாதே. அரியர் வைத்ததைச் சொல்லாதே. பொழுதுபோக்கு என்று கேட்டால் மலையேற்றம், தபால்தலை சேகரிப்பு என்று கண்ணியமாக எழுது. நானும் கண்ணியமாக மனப்பாடம் செய்தேன்.

2007 ஜூனில் இருவருக்கும் அழைப்பு வந்தது. கடைசி செமஸ்டர் ரிசல்ட்கூட வரவில்லை. பெங்களூரில் ஐந்து நாள் தேர்வு. இருவரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம், சென்ட்ரலில் வண்டி மாற. குரோம்பேட்டை தாண்டியதும் லோகு கேட்டான்.

"மச்சான், மொத நாளே ஒரு பாரம் குடுப்பாங்களாமே. அப்பா இன்னா வேல, ஹாபி இன்னா, அல்லாம் கேப்பாங்களாம். நான் இன்னா எழுதட்டும்? நீ கிளாஸ்லாம் போன ஆளு, நீயே சொல்லு."

பல்லாவரம் வந்தது. போனது. நான் யோசித்தேன். வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்லலாம். இரண்டு நிமிட வேலை. அவனும் மலையேற்றம் எழுதுவான், நானும் மலையேற்றம் எழுதுவேன், சமமாகிவிடும். சமமானால் ஓட்டத்தில் அவன் முந்துவான். திரிசூலத்தில் வண்டி நின்றபோது என் பொறாமை வாயைத் திறந்தது.

"உள்ளதை உள்ளபடி எழுதுடா," என்றேன். "கடலுக்குப் போறேன், வலை இழுக்கறேன்னு எழுது. அம்மா கூடைல மீன் விக்கறாங்கன்னு எழுது. மேத்ஸ்ல ரெண்டு அரியர் வச்சு கிளியர் பண்ணின இல்ல, அதையும் கேட்டா சொல்லு. ஒண்ணையும் மறைக்காத. அவங்களுக்கு உண்மைதான் பிடிக்கும்."

எதையெல்லாம் சொல்லவே கூடாது என்று படித்திருந்தேனோ, அதையெல்லாம் வரிசை மாறாமல் சொன்னேன். லோகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெஜமாவா?"

"ஷ்யூர்டா."

"தேங்க்ஸ் மச்சான்," என்றான். ஜன்னலில் பரங்கிமலை வந்தது. "தோ பாரு, செலக்ட் ஆனா இங்கதான் டிரெய்னிங்காம்" என்று காட்டினான். செலக்ட் ஆனால் என்று அவன் சொன்னதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். இவ்வளவு கேவலமானவனா நான் என்று நீங்கள் நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு எனக்கு அது சாமர்த்தியமாகத்தான் பட்டது.

பெங்களூரில் எனக்குப் பதினாலாம் நம்பர், அவனுக்குப் பதினைந்து. மார்பில் நம்பர் எழுதிய துணியைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பாரத்தை நிரப்பினோம். நான் அழகான கையெழுத்தில் மலையேற்றம், தபால்தலை என்று எழுதி முடித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்து 'ஃபிஷிங்' என்று எழுதிக்கொண்டிருந்தான். எஸ்ஸுக்குப் பிறகு ஒரு ஹெச் வருமா என்று யோசித்து, போட்டான்.

நேர்முகத்தில் என்னைக் கேட்ட அதிகாரி ரொம்பத் தன்மையானவர். "மலையேற்றமா, நல்லது. எந்த மலை?" என்றார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு மலைதான் ஞாபகம் வந்தது. "திருநீர்மலை, சார்" என்றேன். "எவ்வளவு உயரம்?" என்றார். அது பெருமாள் கோயில். மாதத்துக்கு ஒருமுறை அம்மாவோடு தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு ஏறுவேன். "படிக்கட்டு இருக்கு, சார்" என்றேன். அவர் தலையசைத்து எதையோ எழுதிக்கொண்டார். தபால்தலை பற்றி அவர் கேட்கவே இல்லை.

மறுநாள் மைதானத்தில் குழுவாகச் செய்யும் வேலை. இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவில் இருப்பது பள்ளம் என்று வைத்துக்கொள்ள வேண்டும், தரையில் கால் படக் கூடாது. கையில் ஒரு பலகை, ஒரு கட்டை, ஒரு கயிறு. எங்கள் குழுவில் ஒன்பது பேரும் ஒன்பது விதமாகக் கத்தினோம். எல்லோரையும்விட நான் நல்ல இங்கிலீஷில் கத்தினேன். லோகு மட்டும் கீழே உட்கார்ந்து பலகையையும் கட்டையையும் சேர்த்து வைத்துக் கயிற்றைச் சுற்றினான். கட்டுமரம் கட்டுகிற வீட்டுப் பையனுக்கு அது ஒரு வேலையா? இரண்டு சுற்று, குறுக்கே ஒன்று, முழங்காலால் அழுத்தி ஒரு இழுப்பு. எழுந்து, "கோ. இட் வில் ஹோல்ட்," என்றான். அந்த ஐந்து நாளில் அவன் பேசிய நீளமான இங்கிலீஷ் அதுதான் என்று நினைக்கிறேன். முதலில் நான்தான் ஏறினேன். அவன் போட்ட முடிச்சின் மேல் நின்றுகொண்டு மற்றவர்களுக்கு உத்தரவு போட்டேன்.

கடைசி நாள் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்கார வைத்துத் தேர்வானவர்களின் நம்பரைப் படித்தார்கள். ஒரே ஒரு நம்பர்தான் படித்தார்கள். பதினைந்து.

லோகு எழுந்திருக்கவில்லை. அவனுக்குப் புரியவில்லை. நான்தான் முழங்கையால் இடித்து எழுப்பிவிட்டேன். அவன் மருத்துவப் பரிசோதனைக்கு அங்கேயே தங்க, நான் தனியாக ரயிலேறினேன்.

வீட்டில் அம்மா, "போறதுடா, பகவான் வேற ஏதோ வச்சிருப்பார்" என்று காபி கொடுத்தாள். அப்பா கேட்ட கேள்விதான் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"வேற யார் செலக்ட் ஆனா?"

"லோகு."

"யாரு, கேம்ப் ரோட்ல கூடை வச்சிண்டு உக்காந்திருப்பாளே, அந்தம்மா பையனா?" பேப்பரை மடித்து வைத்தார். "பரவாயில்லையே!"

அந்தப் 'பரவாயில்லையே'யில் இருந்த வியப்பை எனக்காக ஒருநாளும் அவர் செலவழித்ததில்லை.

அக்டோபரில் லோகு அகாடமியில் சேர்ந்தான். எனக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் இன்ஷூரன்ஸ் பாரங்களைச் சரிபார்க்கிற வேலை கிடைத்தது. தாம்பரத்திலிருந்து கிண்டிக்குப் போக வேண்டுமென்றால் பரங்கிமலையைத் தாண்டித்தான் போக வேண்டும். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. ஸ்டேஷன் வரும்போது மட்டும் நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்ப மாட்டேன். ஒரு வருடம் அப்படித்தான் ஓடியது. நடுவில் அவன் இரண்டு தடவை போன் செய்தான். ஒரு தடவை எடுத்தேன்.

இப்போது இந்தச் சீட்டு. போக வேண்டாம் என்றுதான் முடிவு செய்திருந்தேன். அப்பாதான், "போயிட்டு வா, எல்லாருக்குமா இந்த பாக்கியம் கிடைக்கும்" என்றார். எந்த பாக்கியத்தைச் சொல்கிறார் என்று கேட்டால் சண்டை வரும் என்று சட்டையை இஸ்திரி போட்டேன்.

செப்டம்பர் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் அகாடமி வாசலில் முத்தாலம்மாள் நின்றுகொண்டிருந்தார். புது அரக்குப் புடவை, தலை நிறைய கனகாம்பரம். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியா கண்ணு! உள்ள போவ பயமா கீது, நீ வந்தாதான் போவணும்னு நின்னுகினு கீறேன்."

பாஸைக் காட்டி உள்ளே போய்ப் படிவரிசை மேடையில் உட்கார்ந்தோம். சுற்றிலும் பட்டுப் புடவைகளும் கோட்டுகளும். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் முத்தாலம்மாளைப் பார்த்து ஹிந்தியில் ஏதோ கேட்டார். இவர் சிரித்து வைத்தார். பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அல்லாம் நீ சொன்ன புத்திதான் தம்பி. லோகு சொல்லிச்சு. அம்மா மீன் விக்கிதுன்னு மறைக்காம எழுதுடான்னு நீதான் சொன்னியாமே. வேற யாருன்னா இருந்தா மறைக்கத்தான் சொல்லிருப்பாங்க. என் பேருக்கு ஒரு மரியாத பண்ண புள்ள நீதான்."

என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரலை நெறித்துக்கொண்டார். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிட வேண்டும் போல இருந்தது.

பாண்டு வாத்தியம் தொடங்கியது. இருநூறு பேர் ஒரே காலடியாக வந்தார்கள். நான் லோகுவைத் தேட வேண்டியிருக்கவில்லை. மூன்று வருடம் குற்றம் தேடிப் பார்த்த நடை, கண் தானாகப் போய் நின்றது. அன்றைக்கும் குற்றம் கிடைக்கவில்லை.

அணிவகுப்பு முடிந்ததும் குடும்பங்களை மைதானத்துக்குள் விட்டார்கள். லோகு எங்களைப் பார்த்து வந்தான். ஒரு சுற்று இளைத்திருந்தான், கறுத்திருந்தான். அம்மா காலில் விழப் போனவனை அவர் பாதியிலேயே பிடித்துக்கொண்டார், "சொக்கா அழுக்காவும்டா" என்று அழுதுகொண்டே. பிறகு வலது தோளில் இருந்த துணியை, மீனின் செதிலை எடுக்கிற நிதானத்தோடு எடுத்தார். உள்ளே இரண்டு நட்சத்திரம் மின்னியது. அதைத் தொடாமல் விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

என் முறை வந்தது. கையைத் தூக்கியவன் இறக்கிவிட்டேன். முத்தாலம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்காதபடி சொன்னேன்.

"லோகு, இதை நான் எடுக்கக் கூடாதுடா. அன்னிக்கு ட்ரெயின்ல நான் சொன்னது, நீ ஃபெயில் ஆகணும்னு சொன்னது."

"தெரியும்," என்றான்.

"எப்போலேர்ந்து?"

"பாரம் எழுதறப்பவே தெரியும். பக்கத்து டேபிள்தான? எட்டிப் பாத்தேன், நீ மலை ஏறுறன்னு எழுதிகினு இருந்த. நல்ல புத்தியா இருந்தா நீயும் அத்ததான மச்சான் எழுதிருப்ப?"

"தெரிஞ்சும் ஏன்டா அதையே எழுதின?"

"வேற இன்னாத்த எழுத சொல்ற? எனக்கு வேற இன்னா தெரியும்?"

சுற்றிலும் யார் யாரோ சிரிக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

"அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிட்ட? உன் சித்தப்பா இருக்காரே. அம்மாகிட்ட வேற நல்லவன்னு சொல்லி வச்சிருக்க."

லோகு விறைப்பாக நேரே பார்த்தபடியே பேசினான். "அம்மாக்கு இன்னாத்துக்கு அத்த சொல்லணும்? சந்தோசமா கீது, இருக்கட்டும். உன்ன கூப்ட்டது வேற. மூணு வருசம் மச்சான். உன் இங்கிலீசு, உன் இஸ்திரி போட்ட டிரெஸ்ஸு. அன்னிக்கு இறகு கோணலா கீதுன்னு அத்தன பேருக்கு முன்னாடி சொன்ன பாரு, வூட்டுக்குப் போயி சோறு துன்னல நானு. வயிறு எரிஞ்சிகினு இருந்தேன். நீ மட்டும்தான் எரிவேன்னு நெனச்சியா? ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நீ கிட்ட நின்னு என்ன பாக்கணும். அதுக்குதான் கூப்ட்டேன்."

நான் பார்த்தேன். வாராவாரம் அவன் முன்னால் நின்று பார்த்திருக்கிறேன், ஆனால் பெல்ட்டையும் பூட்ஸையும் இறகையும்தான் பார்த்திருக்கிறேன். என்னைக் கண்டு பொறாமைப்பட ஒருவன் இருந்தான் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. அதில் ஒரு துளி இனிப்பு இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால் அவன் இப்போது என்னைப் பார்த்து எரியவில்லை. அவனுக்கு முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது.

"எடு மச்சான். அம்மா பாக்குது."

துணியின் நுனியைப் பிடித்து இழுத்தேன். அவசரத்தில் வேகமாக இழுத்துவிட்டேன். நூல் ஒன்று மாட்டி, இரண்டு நட்சத்திரத்தில் ஒன்று திரும்பிக்கொண்டது. தூரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது, தன் தோளைத் தானே பார்க்க முடியாதே. உடுப்புச் சோதனை செய்து பழகிய என் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

விட்டுவிடலாம் என்று தோன்றியது. இத்தனை பேசிய பிறகும், அவன் அம்மா கன்னத்தை வழித்த பிறகும் தோன்றியது. இன்றைக்கு எடுக்கிற எல்லா போட்டோவிலும் அது அப்படியே இருக்கும். அவன் வீட்டுச் சுவரில் மாட்டுகிற படத்தில் காலத்துக்கும் இருக்கும். நான் கையை இறக்காமல் நின்றேன்.

லோகு திரும்பாமலே கேட்டான். "கோணலா கீதா?"

"ஆமா," என்றேன்.

அவன் நேரே பார்த்தபடி காத்துக்கொண்டிருந்தான். நான் இரண்டு விரலால் நட்சத்திரத்தைப் பிடித்து, பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, திருப்பி நேராக வைத்தேன். ஒரு அடி பின்னால் தள்ளி நின்று மறுபடி சரிபார்த்தேன்.

"நேரா இருக்கு, சார்," என்றேன்.